சகலை கை வைத்த சர்வர்

சிஸ்டம்காரருக்கு எதிரி என்று உலகத்தில் ஒருவரும் கிடையாது. ஒரு சகலை மட்டும் இருந்தான்.

கூடப் பிறந்தவன்மேல் பொறாமைப்பட்டால் மனசாட்சி குத்தும். பக்கத்து வீட்டுக்காரன்மேல் பொறாமைப்பட்டால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம். மனைவியின் தங்கை புருஷனை என்ன செய்ய முடியும்? அவனைத் தேர்ந்தெடுத்தது நாம் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் நம்மால் முடியாது. ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக ஆயுள் முழுவதும் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மாமனார் வீட்டார் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவன் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் சிஸ்டம்காரர் ராஜாவாக இருந்தார். மாமனாரின் போன் மக்கர் செய்தால் பெரிய மாப்பிள்ளை வரட்டும் என்று எடுத்து வைத்திருப்பார்கள். டிவியில் படம் நடுங்கினால், மாமியாரின் மருந்து அலாரம் வேளை கெட்ட வேளையில் அடித்தால், எல்லாவற்றுக்கும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் உள்ளே நுழைந்ததும் மேஜைமேல் பழுதான சாமான்கள் வரிசையாக இருக்கும். அலுத்துக்கொண்டே சரிசெய்து கொடுப்பார். அந்த அலுப்பு எவ்வளவு ருசி என்பது சின்ன மாப்பிள்ளை வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது மேஜை காலியாக இருந்தது. "சின்ன மாப்பிள்ளை நேத்தே வந்து எல்லாத்தையும் பார்த்துட்டாரு," என்றார் மாமனார். வாயெல்லாம் பல்.

சகலையும் அதே கம்ப்யூட்டர் தொழில்தான். ஆனால் அவனுடையது பெரிய கம்பெனி. ஊர் ஊராகப் போய் அலுவலகங்களுக்கு சர்வர் வைத்துக் கொடுப்பவன். உயரம் வேறு. தலைமுடியும் அப்படியே இருந்தது. இத்தனையும்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பார். ஆள் நல்லவனாக இருந்ததுதான் பெரிய இம்சை. சிஸ்டம்காரரைப் பார்த்தால் எழுந்து நிற்பான். "அண்ணா, நீங்க சொல்லுங்கண்ணா" என்று பேச்சை அவர் பக்கமே தள்ளுவான். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்து வைத்திருந்தான்.

ஆனால் அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அங்கே சகலையின் நிழல்கூட விழாது என்று சிஸ்டம்காரர் நம்பியிருந்தார்.

அது கட்டட வரைபடம் போடும் அலுவலகம். பெரிய ஹாலில் வரைபவர்கள், ஓரத்தில் அக்கௌன்ட்ஸ், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேனேஜர் அம்மா. மாடிப்படிக்கு அடியில் சர்வர் அறை. அலுவலகத்தின் ஒவ்வொரு கோடும் அந்த அறைக்குள் இருந்த சர்வரில்தான் இருந்தது. காலையில் வந்து ஃபைலைத் திறப்பார்கள், மாலையில் மூடிவிட்டுப் போவார்கள், அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யாரும் யோசித்தது இல்லை. யோசிக்க வேண்டாதபடி பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்று அவர் நினைத்தார். பிரிண்டருக்கு மை மாற்றும் ஆளாக உள்ளே வந்தவர். முதல் சர்வர் வாங்கியபோது அதனோடு வந்த தடிப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத் தானே கற்றுக்கொண்டவர். அறைச் சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கும். வெயில் காலத்தில் அந்த அறையின் குளிருக்காகவே ஆளாளுக்கு ஒரு சந்தேகத்தோடு வருவார்கள். அவரும் காரணம் தெரியாததுபோலப் பதில் சொல்லி அனுப்புவார்.

அந்த அலுவலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. அதை உண்டாக்கியதும் அவர்தான். சர்வரில் எல்லாருக்கும் பொதுவான இடத்தைத் திறந்தால் ஆளுக்கொரு ஃபோல்டர் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே மஞ்சள் நிறம். தலைமை வரைவாளருக்குக் கண் பார்வை மட்டு. இரண்டு முறை தன் வரைபடத்தை அடுத்தவருடைய ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு, காணோம் என்று கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தினார். சிஸ்டம்காரர் அவருடைய ஃபோல்டருக்கு மஞ்சள் டப்பாவுக்குப் பதிலாக ஒரு குடைப் படத்தை வைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான், ஹாலே கிளம்பி வந்துவிட்டது. எனக்கொரு படகு, எனக்கொரு சைக்கிள். அக்கௌன்ட்ஸ் பெண் பூனை கேட்டாள். மேனேஜர் அம்மாவே ஒருநாள் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிற குரலில், ஒரு சிவப்புச் செருப்பு வைக்க முடியுமா என்று கேட்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அடையாள அட்டைக்கு முன்னால் படம் வந்துவிடும். கல்யாணம் ஆனவர்கள் படத்தை மாற்றிக்கொள்ள வருவார்கள். கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போன ஒருவர் மட்டும் தன் யானையை நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார். மாமனார் வீட்டில் இதை ஒருமுறை சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சகலை மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நிஜமாவா அண்ணா? யானையா?" என்று கேட்டான். கிண்டல் செய்கிறான் என்று சிஸ்டம்காரர் முடிவு கட்டிக்கொண்டார்.

பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது. இருமல்காரக் கிழவர் மாதிரி இரவும் பகலும் சத்தம். புதிது வாங்கலாம் என்று மேனேஜர் அம்மா நல்ல கம்பெனியாகப் பார்த்துச் சொல்லி அனுப்பினார். அந்தக் கம்பெனியின் ஆள் ஒருநாள் காலை பளபளவென்ற பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். சிஸ்டம்காரர் எட்டிப் பார்த்தார். சகலை.

"அண்ணா, உங்க ஆபீஸ்னு எனக்கே ஆர்டர் பேப்பரைப் பார்த்தப்புறம்தான் தெரியும்," என்றான்.

சிஸ்டம்காரருக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. உடனே ஒரு நிபந்தனை போட்டார். "இங்க என்னை அண்ணான்னு கூப்பிடாதீங்க தம்பி. சார்னு கூப்பிடுங்க. ஆபீஸ் பாருங்க."

"சரிங்க சார்," என்றான் அவன். உடனே ஒத்துக்கொண்டது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெட்டியை வைத்து ஓட விட்டதோடு சகலையின் வேலை முடிந்தது. பழையதிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றும் வேலையை சிஸ்டம்காரர் அவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேராக உட்கார்ந்து சரிபார்த்து மாற்றுவது அவர்கள் கம்பெனியின் முறை. "கூட இருக்கட்டுமா சார்? பழசுல ஃபைலைத் தவிர வேற ஏதாச்சும் இருந்தா, எடுக்க விட்டுடப் போகுது," என்று கேட்டான்.

"என் வீட்டைக் காலி பண்ண எனக்குத் தெரியாதா? நீங்க கிளம்புங்க," என்றார் இவர்.

தானே மாற்றினார், தானே எண்ணிப் பார்த்தார், பழைய சர்வரின் வயரைத் தானே பிடுங்கினார். பழைய நாற்காலிகள் கிடக்கிற ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் வைத்து மேலே ஒரு துணியும் போட்டார்.

அதற்கு மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். பொதுவான இடத்தைத் திறந்தால் திறக்க மாட்டேன் என்றது. மேலே ஒரு பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஊர்ந்து போகும். போய்ச் சேருவதற்குள் ஆள் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். உள்ளே ஒரு ஃபைலைத் திறந்துவிட்டால் வேலை ஓடியது. வெளியே வந்து இன்னொன்றைத் தேடினால் மறுபடி ஊர்வலம். தலைமை வரைவாளர் கூரையைப் பிய்க்க ஆரம்பித்தார்.

சிஸ்டம்காரர் என்ன செய்தார் என்று கேட்டால், வெட்கமாகத்தான் இருக்கிறது, சந்தோஷப்பட்டார். முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டார். "பழசு எவ்வளவோ பரவால்ல," என்று ஒருவர் சொன்னபோது அவருக்கு உச்சி குளிர்ந்தது. "நான் அப்பவே நினைச்சேன், பெட்டி பளபளன்னு இருந்தா போதுமா," என்று தன் பங்குக்கு ஊதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் இதை எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகைகூடப் பார்த்தார். குறை சொல்வதுபோல இருக்கக் கூடாது. வருத்தமாகச் சொல்ல வேண்டும். பாவம், சின்ன மாப்பிள்ளை கொடுத்த சர்வர்...

மேனேஜர் அம்மா அவரைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார். "சார், இந்த மாசக் கடைசியில நான் முடிவு பண்ணப் போறேன். சர்வர்ல கோளாறுன்னா திருப்பிக் கொடுத்துடுறேன், அந்தக் கம்பெனியே வேண்டாம், எல்லாம் உங்க பொறுப்புலயே இருக்கட்டும். சர்வர்ல கோளாறு இல்லன்னா சர்வரைப் பார்த்துக்கிற வேலையை அவங்களுக்கே கொடுத்துடுறேன். நீங்க மேஜைக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பாருங்க. போதும்."

பிரிண்டர். எங்கே ஆரம்பித்தாரோ அங்கேயே கொண்டுபோய் உட்கார வைக்கிறேன் என்கிறார். சர்வர் கெட்டதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அவர் வேண்டாத தெய்வம் இல்லை.

கோளாறு பார்க்க சகலை வந்தான். இரண்டு நாள் வந்தான். தன் லேப்டாப்பைச் சொருகி, பெரிய பெரிய வரைபடங்களை சர்வரிலிருந்து இழுத்துப் பார்த்தான். சொடக்குப் போடுகிற நேரத்தில் வந்து விழுந்தன. மறுபடி அனுப்பினான், போனது. டிஸ்க்கைப் பார்த்தான், வயரைப் பார்த்தான், வைரஸ் தேடுகிற நிரலை நிறுத்திப் பார்த்தான். எல்லாம் சுத்தம். "சர்வர் நல்லாதான் இருக்கு, ஆனா உங்களுக்கு மெதுவாதான் வருது. ரெண்டும் உண்மை. அதுதான் எனக்குப் புரியல," என்று ஹாலில் நின்று சொன்னான்.

புரியவில்லை என்று சொல்கிறவனைப் பார்த்து ஜனங்கள் எரிச்சல்பட வேண்டுமா இல்லையா? அவர்களோ அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். தலைமை வரைவாளர், எவரையும் உட்கார் என்று சொல்லாத மனுஷன், தன் தேநீரில் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார். அக்கௌன்ட்ஸ் பெண் தன் தம்பிக்கு அவன் கம்பெனியில் வேலை கிடைக்குமா என்று கேட்டாள். சிஸ்டம்காரர் இத்தனை வருஷமாக இந்த ஹாலுக்கு உழைத்துக் கொட்டியிருக்கிறார். அவருக்கு யாரும் பாதித் தேநீர் கொடுத்தது இல்லை. முழுத் தேநீர் கொடுத்திருக்கிறார்கள், அது வேறு விஷயம். பாதியில்தானே பாசம் இருக்கிறது.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், புதிதாகச் சேர்ந்திருந்த வரைவாளப் பெண் சிஸ்டம்காரரின் மேஜைக்கு வந்தாள். அந்த வாரம்தான் சேர்ந்தவள். புத்தம் புதுக் கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள்.

"சார், இங்க எல்லாருக்கும் ஃபோல்டர்ல படம் இருக்குமாமே. எனக்கு ஒண்ணுமே தெரியலயே?"

"உனக்கு இன்னும் வைக்கலம்மா. நாளைக்கு வெச்சுத் தரேன். என்ன படம் வேணும்?"

"என்னோடது இல்ல சார். யாரோட படமும் எனக்குத் தெரியல. எல்லாமே மஞ்சளாதான் இருக்கு. பக்கத்து சீட்ல பார்த்தா குடை, பூனைன்னு அழகா இருக்கு."

சிஸ்டம்காரர் எழுந்து போய்ப் பார்த்தார். மஞ்சள். மொத்தமும் மஞ்சள். சிரித்துக்கொண்டே தன் மேஜைக்குத் திரும்பி வந்தார். உட்காரும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் படம் வைக்கிற வித்தை இப்படி. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி எழுதி வைத்திருப்பார். 'என் படம் இன்ன சர்வரில் இன்ன இடத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்' என்று. யார் அந்த இடத்தைத் திறந்தாலும் அவர்களுடைய கம்ப்யூட்டர் போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டும். படங்கள் எல்லாம் இருந்தது பழைய சர்வரில். தன் சொந்தச் சாமான் என்று ஒரு மூலையில் தனியாக வைத்திருந்தார். ஃபைல் அத்தனையையும் புதியதற்கு மாற்றியவர் அந்த மூலையை மறந்தே போனார். ஸ்டோர் ரூமில் துணி போர்த்திக் கிடக்கிற பெட்டியிடம் இந்த ஹாலில் இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் போய்க் கதவைத் தட்டுகிறது. குடை இருக்கிறதா? பதில் இல்லை. காத்திருக்கிறது. பூனை? பதில் இல்லை. காத்திருக்கிறது. வரிசையில் கடைசி ஃபோல்டர்வரை கேட்டு முடித்து, தன்னிடம் முன்பு எடுத்து வைத்த பிரதியை வைத்து ஒப்பேற்றிவிடுகிறது. அதனால்தான் பழைய ஆட்களுக்குப் படம் தெரிகிறது. பச்சைக் கோடும் ஊர்கிறது. புதியவளிடம் பிரதி இல்லை, மஞ்சள். சகலை தன் லேப்டாப்பில் வேண்டிய ஃபைலின் பெயரைச் சொல்லி நேராக இழுக்கிறான், இந்த வரிசைப் பக்கமே அவன் போகவில்லை. அதனால் அவனுக்கு எல்லாம் வேகம்.

சர்வரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு மாடிப்படிக்கு எதிரே, சட்டைப் பையில் சாவியோடு உட்கார்ந்திருந்தது.

கூட இருக்கட்டுமா என்று கேட்டானே. அன்றைக்கு மட்டும் கூட உட்கார வைத்திருந்தால், வேறு என்ன இருக்கிறது, வேறு என்ன இருக்கிறது என்று துருவியே அந்த மூலையைக் கண்டுபிடித்திருப்பான். அந்த நினைப்பில் அவருக்குத் தன்மேல் வந்திருக்க வேண்டிய கோபம்கூட சகலைமேல்தான் வந்தது.

சகலை சர்வர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "சார், சாப்பிட்டு வந்ததும் ஒரு கருவி போட்டுப் பார்க்கப் போறேன். எந்தக் கம்ப்யூட்டர் யாரைக் கூப்பிடுது, யார் பதில் சொல்றாங்கன்னு அப்படியே காட்டிடும். அதுல மாட்டாம போகாது."

அந்தக் கருவியைப் போட்டால் அடுத்த நிமிஷம் குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லாருடைய கம்ப்யூட்டரும் செத்த சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதை அவன் பார்த்துவிடுவான். ஃபோல்டருக்குள் இருக்கும் வரிகளை மாற்றிவிடலாம் என்றால், யாரும் விளையாட்டுக்குக்கூட மாற்றக் கூடாது என்று அவரே போட்ட பூட்டு, சர்வருக்கு முன்னால் போய் உட்கார்ந்தால்தான் திறக்கும். அங்கே சகலை உட்கார்ந்திருக்கிறான். அவன் சாப்பிடப் போகிற நேரத்துக்குள் அத்தனை ஃபோல்டரையும் மாற்றி முடிக்க முடியாது. ஒரே வழிதான் இருந்தது. பழையதை உயிர்ப்பித்துவிட வேண்டும். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து பதில் வர வேண்டும். பதில் வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஓடும். ஹாலுக்குள் மெல்ல நடந்துபோய், "ஒரு சின்ன விஷயம் இருந்தது, சரிபண்ணிட்டேன்" என்று சொல்லிவிடலாம். என்ன விஷயம் என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஆள் இல்லாத வேளையில் வரிகளை மாற்றிக்கொள்ளலாம். சகலை இரண்டு நாளாகத் திண்டாடியதை அண்ணன் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் முடித்தார். மாமனார் வீட்டு மேஜை மறுபடி நிறைவதுவரை அவருடைய கற்பனை போய்விட்டது.

எல்லாரும் சாப்பிடப் போனதும் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து துணியை எடுத்தார். முன்பு அங்கே ஒரு பெரிய பிரிண்டர் இருந்ததால் சுவரில் நெட்வொர்க் பிளக் இருந்தது. வயரைச் சொருகி பட்டனை அழுத்தினார். இருமியது. நின்றது. மறுபடி இருமியது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. "சீக்கிரம்யா," என்று அதன் முதுகைத் தட்டினார். அது எந்தக் காலத்தில் சீக்கிரம் எழுந்தது? ஒடிந்த நாற்காலி ஒன்றின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர்போலக் காத்திருந்தார். கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது. கைத் தூசியைத் தட்டிக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ஹாலுக்குள் நடந்து வந்தார்.

ஹாலில் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் சகலை நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பழைய கேபிள். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கருவியைப் போடுவதற்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று ஹாலுக்கு வருகிற கேபிளை மாற்றியிருக்கிறான். மாற்றி அவன் நிமிர்வதற்கும் பழைய பெட்டி கண் திறப்பதற்கும் சரியாக இருந்திருக்கிறது. தலைமை வரைவாளர் பொதுவான இடத்தைத் திறந்து திறந்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தார். சொடக்கு. சொடக்கு. "தம்பி, உன் கை ராசியான கைப்பா," என்றார்.

சிஸ்டம்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

மேனேஜர் அம்மா இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்றைக்கு அவருக்கு நல்ல மனநிலை. "இத்தனை வாரமா சார் தலையை உடைச்சுக்கிட்டார். நீங்க ஒரு கேபிளை மாத்தினீங்க, முடிஞ்சுது. அதுக்குத்தான் அனுபவம் வேணும்கிறது," என்றார், அனுபவத்திலேயே வயதான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

சகலை நெளிந்தான். "இல்ல மேடம். கேபிளா இருக்கும்னு எனக்குத் தோணல. அந்தக் கேபிள்ல ஒரு குறையும் இல்ல. நான் உண்மையிலயே ஒண்ணும் பண்ணல. எப்படிச் சரியாச்சுன்னு எனக்கே தெரியல."

"பார்த்தீங்களா சார், என்ன அடக்கம்," என்றார் மேனேஜர் அம்மா. "சர்வரை இனிமே இவங்களே பார்த்துக்கட்டும். உங்களுக்கும் பாரம் குறையும்."

சர்வர் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெயராவது மிஞ்சியிருக்கும். பிரிண்டருக்கு மை ஊற்றிக்கொண்டு, கௌரவமாகக் காலத்தை ஓட்டியிருக்கலாம். அவருக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த அடக்கம் என்கிற சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. தப்பு அவருடையது. அதைச் சரிசெய்ததும் அவர். துணியை விலக்கி, தூசியைத் தின்று, பழைய பெட்டியின் முதுகைத் தட்டி எழுப்பியது அவர். அதற்கு வருகிற பெயர்கூட இவனுக்கா?

"அடக்கம் எல்லாம் இல்ல மேடம்," என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "அவன் நிஜமாவே ஒண்ணும் பண்ணல. சரிபண்ணது நான்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்களா? என்ன பண்ணீங்க?"

இதைத்தான் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தார். ஆரம்பித்த பிறகு நிறுத்த வழி தெரியவில்லை. குடை, பூனை, பழைய சர்வரின் மூலை, துணி, ஸ்டோர் ரூம், எல்லாவற்றையும் சொன்னார். "கெடுத்ததும் நான்தான்," என்று முடித்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது மண் விழுந்த பிறகுதான் உறைத்தது.

மேனேஜர் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்போ இத்தனை வாரமா ஒரு பூனைப் படத்துக்காகவா மொத்த ஆபீஸும் காத்துக்கிட்டு இருந்தது?"

"பூனை மட்டும் இல்ல மேடம்," என்றார் சிஸ்டம்காரர். "உங்க செருப்பும்தான்."

மேனேஜர் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. மேஜைமேல் ஒரு விரலால் தட்டினார் அந்த அம்மா. "சாவியை இவர்கிட்டக் கொடுத்துடுங்க சார்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சகலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் சார் என்பதை மறந்துபோனான். "அண்ணா, அந்தப் படங்களைப் புது சர்வருக்கு மாத்திடலாம். எப்படிப் பண்ணீங்கன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் பக்கத்துல உட்காருங்கண்ணா."

தன் அறையில், வருகிறவர்களுக்காகத் தானே வாங்கிப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தார். குடை நகர்ந்தது, பூனை நகர்ந்தது. சகலை ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரித்தான். இப்போது பார்க்கும்போது கிண்டலாகத் தெரியவில்லை. "யானை இதுதானா அண்ணா?" என்று கேட்டான். மாலையில் ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பழைய பெட்டியை அணைத்தது சகலைதான். அவர் ஹாலிலேயே நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி போனில் தங்கச்சியோடு பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் வாசல்வரை கேட்டது. விஷயம் வந்து சேர்ந்துவிட்டது என்று புரிந்தது. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூனைக்கதைதான். சட்டையைக் கழற்றும்போது பழக்கத்தில் கை பைக்குப் போனது. பை வெறுமையாக இருந்தது.

மனைவி போனை வைத்துவிட்டு வந்தாள். சிரிக்கவில்லை. "என்னங்க, உங்க தப்பை நீங்களே மேனேஜர் முன்னாடி சொன்னீங்களாமே?"

"யார் சொன்னா?"

"தங்கச்சி வீட்டுக்காரர்தான். நேரா அப்பா வீட்டுக்குப் போயிருக்காரு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காராம். 'எனக்கு வந்த பேரை நான் வேண்டாம்னு சொன்னேனே தவிர, உள்ளுக்குள்ள இருந்துட்டுப் போகட்டும்னுதான் தோணுச்சு. அண்ணா வேலையே போனாலும் பரவால்லன்னு உண்மையைச் சொன்னாரு. என்னால முடிஞ்சிருக்காது'ன்னு."

சிஸ்டம்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "மாமா என்ன சொன்னாரு?"

"'அதுதான் பெரிய மாப்பிள்ளை'ன்னு சொன்னாராம்."

"பொதுவா சொன்னாரா, சின்னவனைப் பார்த்துச் சொன்னாரா?"

"அவரைப் பார்த்துத்தான். உங்களை மாதிரி இருக்கணும்னு."

இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். இத்தனை வருஷமாகக் காதில் விழக் காத்திருந்த வாசகம். எதற்காக அந்த உண்மையைச் சொன்னோம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் என்ன, வெளியே யாருக்கும் தெரியப் போவதில்லை. சர்வர் போனால் போகட்டும். உடம்பெல்லாம் லேசாகிவிட்டதுபோல இருந்தது.

"அம்மாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சாம்," என்றாள் மனைவி, தட்டை எடுத்து வைத்துக்கொண்டே.

"என்னை நினைச்சா?"

"உங்களை நினைச்சும்தான். ஆனா தங்கச்சி வீட்டுக்காரர் பேசினதைக் கேட்டுத்தான். கூட இருக்கிறவனைப் பத்தி இப்படி வாய் நிறையச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்னு அப்பா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாராம். தங்கமான மனுஷன்ங்க அவரு."

அவள் பரிமாறினாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சாப்பாடு ஆறுது."

"பசிக்கல," என்றார்.

அவன் பெயர் வாங்குவதற்காக அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். மனசாரத்தான் சொல்லியிருப்பான். அதனால்தான் அவருக்கு வயிறு எரிந்தது.